மூலக்கூறு உயிரியல் ஆய்வாளரின் கட்டுரைப் பட்டியலும் மேற்கோள் கணக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வாளர்களின் கட்டுரைப் பட்டியலைச் சரிபார்த்துத் தருவது என் வேலையில் ஒரு பகுதி. அதைப் பார்க்க வருபவர்கள் பலவகை. வழிகாட்டியைத் தேடும் மாணவர், ஆள் எடுக்கும் குழுவில் உட்கார வைக்கப்பட்ட வேறு துறைப் பேராசிரியர், செய்தி எழுதும் நிருபர், சில சமயம் அந்த ஆய்வாளரின் வீட்டார். வருபவர்கள்தான் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அதனால் ஒருமுறை உட்கார்ந்து எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

பப்ளிகேஷன் ரெக்கார்டு என்கிறார்களே, அதில் என்னென்ன சேரும்?

முதலில் ஆய்வுக் கட்டுரைகள். சோதனை செய்து, கிடைத்ததை எழுதி, ஓர் ஆய்விதழுக்கு அனுப்பி, அதே துறையைச் சேர்ந்த இரண்டு மூன்று பேர் படித்துக் குறை சொல்லி, திருத்திய பிறகு வெளியானவை. மூலக்கூறு உயிரியலில் எடை இவற்றுக்குத்தான். அடுத்து ரிவ்யூ எனப்படும் தொகுப்புரைகள். இவற்றில் புதுச் சோதனை இருக்காது. ஒரு தலைப்பில் இதுவரை வந்ததைத் திரட்டிச் சொல்வார்கள். அப்புறம் செய்முறைக் கட்டுரைகள், நூல் அத்தியாயங்கள், இதழுக்குப் போகும் முன்பே இணையத்தில் ஏற்றப்படும் முன்பதிப்புகள், காப்புரிமைகள்.

மாநாட்டுச் சுருக்கங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கணினி அறிவியலில் நல்ல மாநாட்டில் வரும் கட்டுரை பெரிய வெளியீடு. இங்கே அப்படி இல்லை. அரைப் பக்கச் சுருக்கத்தை யாரும் கட்டுரையாக எண்ணுவதில்லை. பட்டியலில் 120 வரிகள் இருந்து அதில் 80 மாநாட்டுச் சுருக்கம் என்றால், அது 40 கட்டுரைகள் கொண்ட பட்டியல்.

சைட்டேஷன் என்றால் பாராட்டுதானே? நல்ல வேலை என்பதால்தானே மற்றவர்கள் குறிப்பிடுகிறார்கள்?

இல்லை. ஒரு கட்டுரையின் கடைசியில் வரும் பட்டியலில் இன்னொரு கட்டுரை இடம்பெற்றால் அது ஒரு மேற்கோள், அவ்வளவுதான். "இந்த முறையைப் பயன்படுத்தினோம்" என்று சொல்லவும் மேற்கோள் காட்டுவார்கள். "இவர்கள் சொன்னது எங்களுக்கு வரவில்லை" என்று சொல்லவும் காட்டுவார்கள். முன்னுரையில் ஒரே அடைப்புக்குள் ஏழு கட்டுரைகளை அடுக்கிவிட்டுப் போவதும் உண்டு. அந்த ஏழையும் எழுதியவர் முழுதாகப் படித்திருப்பார் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

எண்ணிக்கை இவை எல்லாவற்றையும் ஒன்றாகவே எண்ணும். எத்தனை பேர் இந்தக் கட்டுரையைத் தங்கள் வேலையில் தொட்டார்கள் என்று அது சொல்லும். ஏன் தொட்டார்கள் என்பதற்கு அதில் பதில் இல்லை. கீழே வரும் பாதிக் கேள்விகளின் வேர் இதுதான்.

ஒருவருடைய முழுப் பட்டியலை எங்கே பார்ப்பது?

கட்டுரைகளைத் தேட பப்மெட் என்ற இணையத் தளம் போதும்; உயிரியல், மருத்துவ இதழ்கள் பெரும்பாலும் அதில் இருக்கும், கட்டணம் கிடையாது. ஆனால் மேற்கோள் எண்ணிக்கைக்கு அதை நம்பிப் போகாதீர்கள், அது அதற்காகக் கட்டப்பட்டதல்ல. எண்ணிக்கைக்கு மூன்று இடங்கள் உண்டு: வெப் ஆஃப் சயன்ஸ், ஸ்கோப்பஸ், கூகுள் ஸ்காலர். முதல் இரண்டும் சந்தா கட்டும் நிறுவனங்கள் வழியாகத்தான் முழுதாகத் திறக்கும். வெப் ஆஃப் சயன்ஸின் மூதாதை, யூஜின் கார்ஃபீல்டு 1964இல் கொண்டுவந்த சயன்ஸ் சைட்டேஷன் இன்டெக்ஸ். மற்ற இரண்டும் 2004இல் வந்தவை.

கூகுள் ஸ்காலரில் 3,200 என்று காட்டுகிறது, ஸ்கோப்பஸில் 2,100தான். யார் பொய் சொல்கிறார்கள்?

யாரும் பொய் சொல்லவில்லை, அவர்கள் எண்ணும் எல்லை வேறு. ஸ்கோப்பஸும் வெப் ஆஃப் சயன்ஸும் தாங்கள் தேர்ந்தெடுத்த இதழ்களையும் நூல்களையும் மட்டும் பார்க்கின்றன. கூகுள் ஸ்காலர் இணையத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளிக்கொள்கிறது: முனைவர் பட்ட ஆய்வேடு, முன்பதிப்பு, அறிக்கை, சில சமயம் வகுப்புக்குத் தயாரித்த குறிப்பு கூட. அதனால் பெரும்பாலும் ஸ்காலர் எண்தான் பெரிதாக இருக்கும்.

எதை எடுத்தாலும் சரி, ஒப்பிடும்போது எல்லோருக்கும் ஒரே இடத்திலிருந்து, ஒரே வாரத்தில் எடுங்கள். ஒருவருக்கு ஸ்காலர் எண், இன்னொருவருக்கு ஸ்கோப்பஸ் எண் என்று பக்கத்துப் பக்கத்தில் போட்ட அட்டவணைகள் என் மேசைக்கு நிறைய வந்திருக்கின்றன. அவற்றைத் திருப்பி அனுப்புவதைத் தவிர வழியில்லை.

பட்டியலில் இவருக்குச் சம்பந்தமே இல்லாத மண்ணியல் கட்டுரை இருக்கிறதே?

அதே பெயர் கொண்ட வேறொருவருடையது. முதலெழுத்தும் குடும்பப் பெயருமாகச் சுருக்கி எழுதும் பழக்கத்தால் வந்த வினை. பப்மெட் ஆசிரியர்களின் முழுப் பெயரைச் சேர்க்கத் தொடங்கியதே 2002இல்தான். அதற்கு முந்தைய கட்டுரைகளில் முதலெழுத்துகள் மட்டுமே. கூகுள் ஸ்காலரில் ஆய்வாளரே தன் பக்கத்தைப் பராமரிக்க வேண்டும். தானாகச் சேர்வதை அவர் கவனிக்காமல் விட்டால் ஊரார் கட்டுரையெல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். வந்ததைத் தெரிந்தே நீக்காதவர்களும் இருக்கிறார்கள்.

இதற்காகத்தான் 2012இல் ஆர்கிட் வந்தது. ஆளுக்கொரு 16 இலக்க எண். பெயர் மாறினாலும் நிறுவனம் மாறினாலும் எண் மாறாது. எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றிக்கொண்டவரின் பழைய கட்டுரைகள் ஸ்கோப்பஸில் இன்னொரு ஆளாகத் தனியே கிடக்கும். எழுதிக் கேட்டால் இணைத்துவிடுவார்கள்.

கட்டுரையில் 14 பேர் பெயர் இருக்கிறது, இவர் பெயர் ஏழாவது. இது இவருடைய கட்டுரை என்று சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் ஏழாவது இடம் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டு சொல்லுங்கள். இந்தத் துறையில் பெயர்களின் வரிசைக்குப் பொருள் உண்டு. முதல் பெயர், சோதனை மேசையில் நின்று வேலையின் பெரும்பகுதியைச் செய்தவர்; பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர் அல்லது போஸ்ட்டாக், அதாவது பட்டம் முடித்து இன்னொருவர் ஆய்வகத்தில் வேலை செய்பவர். கடைசிப் பெயர், ஆய்வகத் தலைவர்; கேள்வி, நிதி, இடம், பொறுப்பு எல்லாம் அவருடையவை. நடுவில் வருபவர்கள் புரதத்தைச் சுத்திகரித்துத் தந்தவர், நுண்ணோக்கிப் படம் எடுத்தவர், தரவைப் பகுத்தவர் என்று பங்களித்தவர்கள். பெயர்கள் மேல் நட்சத்திரம் போட்டு "சம பங்களிப்பு" என்றிருந்தால் முதல் இடத்தை இரண்டு மூன்று பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். கடிதத் தொடர்புக்குரிய ஆசிரியர் என்று ஒருவரைக் குறித்திருப்பார்கள். அது பெரும்பாலும் கடைசிப் பெயர்தான்.

எனவே பட்டியலை ஆளின் வயதோடு சேர்த்துப் பாருங்கள். மாணவராகவும் போஸ்ட்டாக்காகவும் இருந்த காலத்தில் முதல் பெயராகச் சில கட்டுரைகள், சொந்த ஆய்வகம் தொடங்கிய பிறகு கடைசிப் பெயராகச் சில: இதுதான் வழக்கமான பாதை. ஆய்வகம் தொடங்கிப் பத்து ஆண்டுகள் ஆகியும் கடைசிப் பெயராக ஒன்றுகூட இல்லை, ஆனால் மொத்தம் 90 கட்டுரைகள் என்றால், அந்த 90 எப்படி வந்தது என்று கேட்பதில் தவறில்லை.

அதே சமயம் அவசரப்பட்டு நடுப்பெயர்காரரை மட்டமாக நினைத்துவிடவும் வேண்டாம். மரபணுத் தரவைப் பகுக்கும் வல்லுநருக்கோ, நுண்ணோக்கிக் கூடத்தை நடத்துபவருக்கோ நடுவில் நிற்பதே தொழில். அவர் இல்லையென்றால் அந்தக் கட்டுரைகளே இல்லை. பல இதழ்கள் இப்போது 14 வகைப் பங்களிப்புகளாகப் பிரித்து, யார் எதைச் செய்தார்கள் என்று கட்டுரையின் முடிவிலேயே அச்சிடுகின்றன. அந்தப் பத்தியைப் படிக்க ஒரு நிமிடம் ஆகும். கணிதக்காரர்களிடம் இந்த வரிசைக் கணக்கைக் கொண்டுபோகாதீர்கள், அவர்கள் அகரவரிசையில் எழுதுபவர்கள்.

எச்-இன்டெக்ஸ் என்பது என்ன கணக்கு? எளிதாகச் சொல்லுங்கள்.

கட்டுரைகளை மேற்கோள் அதிகம் உள்ளதிலிருந்து இறங்குமுகமாக அடுக்குங்கள். ஒருவருக்கு 90, 40, 12, 7, 5, 3, 0 என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாவது கட்டுரைக்குக் குறைந்தது 5 மேற்கோள் இருக்கிறது. ஆறாவதற்கு 6 இல்லை, 3தான். ஆக அவருடைய எச்-இன்டெக்ஸ் 5. ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் முன்வைத்த கணக்கு இது.

முதல் கட்டுரைக்கு 90க்குப் பதில் 9,000 மேற்கோள் வந்திருந்தாலும் இன்டெக்ஸ் அதே 5தான். ஒரே ஒரு பெரிய வெற்றி ஆளைத் தூக்கிவிடக் கூடாது என்பதற்காகவே இப்படிக் கட்டப்பட்டது. அதன் மறுபக்கம், வாழ்நாளில் ஐந்தே கட்டுரை எழுதியவர் அவை உலகையே மாற்றியிருந்தாலும் 5ஐத் தாண்ட முடியாது. இன்னொன்று: இந்த எண் ஒருபோதும் இறங்காது. வேலையை நிறுத்திவிட்டு ஓய்வில் இருப்பவருக்கும் அது ஏறிக்கொண்டே போகலாம்.

சரி, எச்-இன்டெக்ஸ் 20 என்றால் நல்லதா கெட்டதா?

யாருக்கு என்று சொல்லாமல் இதற்குப் பதில் இல்லை. முனைவர் பட்டம் முடித்து எட்டு ஆண்டு ஆனவருக்கு 20 என்றால் திரும்பிப் பார்க்க வைக்கும். முப்பது ஆண்டு ஆய்வகம் நடத்தியவருக்கு அதே எண் சாதாரணம். மேலே பெயர் வரிசை பற்றிச் சொன்னதையும் மறக்க வேண்டாம்: இந்தக் கணக்குக்கு முதல் பெயரும் ஏழாவது பெயரும் ஒன்றுதான். பெரிய கூட்டுத் திட்டங்களில் நடுப்பெயராக இருப்பவரின் இன்டெக்ஸ், தனியாக ஒரு சின்ன ஆய்வகத்தில் கடினமான கேள்வியோடு மல்லுக்கட்டுபவரின் இன்டெக்ஸைவிடப் பல மடங்கு இருக்கும்.

நேச்சர், செல் போன்ற இதழில் வந்தால் பெரிய விஷயம்தானே? இம்பாக்ட் ஃபேக்டர் அவ்வளவு அதிகமாச்சே?

அங்கே இடம் கிடைப்பது கடினம், அதில் சந்தேகமில்லை. ஆனால் இம்பாக்ட் ஃபேக்டர் இதழைப் பற்றிய எண், கட்டுரையைப் பற்றியது அல்ல. ஓர் இதழ் கடந்த இரண்டு ஆண்டுகளில் வெளியிட்டவற்றுக்கு இந்த ஆண்டு வந்த மேற்கோள்களைக் கூட்டி, அந்த இரண்டு ஆண்டுக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் சராசரி. எந்த நூலகம் எந்த இதழை வாங்கலாம், சயன்ஸ் சைட்டேஷன் இன்டெக்ஸில் எந்த இதழைச் சேர்க்கலாம் என்று முடிவு செய்யப் பிறந்த எண் அது.

சராசரி எப்படி ஏமாற்றும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ. படிக அமைப்புகளைப் பற்றிய இதழ்; அதன் இம்பாக்ட் ஃபேக்டர் 2008இல் சுமார் 2. அடுத்த ஆண்டு அது 49.9 ஆகிவிட்டது. இதழே மாறிவிட்டதா என்றால் இல்லை. 2008இல் ஜார்ஜ் ஷெல்ட்ரிக், படிக அமைப்பைக் கணக்கிடும் ஷெல்எக்ஸ் என்ற மென்பொருளைப் பற்றி அதில் ஒரு கட்டுரை எழுதினார். அந்த மென்பொருளைப் பயன்படுத்தும் எல்லோரும் அதை மேற்கோள் காட்டினார்கள். ஒரே கட்டுரை. பக்கத்தில் வெளியான மற்றக் கட்டுரைகளுக்கும் காகிதத்தில் அதே 49.9 கிடைத்தது.

இவ்வளவு கோணல் அரிது, ஆனால் சாய்வு எல்லா இதழிலும் உண்டு. சில கட்டுரைகள் மேற்கோளை அள்ளும். பெரும்பாலானவை இதழின் சராசரிக்குக் கீழேதான் இருக்கும். 2012 டிசம்பரில் அமெரிக்கச் செல் உயிரியல் சங்கத்தின் மாநாட்டில் உருவான சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் இதைத்தான் சொல்கிறது: ஆளை எடுக்கவும் பதவி உயர்த்தவும் இதழின் எண்ணைப் பயன்படுத்தாதீர்கள். டோரா என்று சுருக்கிச் சொல்வார்கள். கையெழுத்திட்ட நிறுவனங்கள் ஏராளம். கையெழுத்திட்ட பிறகும் விண்ணப்பப் படிவத்தில் இம்பாக்ட் ஃபேக்டருக்கு ஒரு கட்டம் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள்.

மூலக்கூறு உயிரியலில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்டது டி.என்.ஏ. இரட்டைச் சுருள் கட்டுரைதானே?

பக்கத்தில்கூட வராது. 2014இல் நேச்சர் இதழ் வெப் ஆஃப் சயன்ஸை வைத்து முதல் 100 கட்டுரைகளைத் தேடியது. நூறாவது இடத்துக்கே 12 ஆயிரத்துக்கும் மேல் மேற்கோள் தேவைப்பட்டது. வாட்சனும் கிரிக்கும் 1953இல் எழுதிய கட்டுரை அந்தப் பட்டியலில் இல்லை. முதலிடம் ஆலிவர் லவ்ரியும் கூட்டாளிகளும் 1951இல் எழுதிய கட்டுரைக்கு, 3 லட்சத்துக்கும் மேல். அதில் இருப்பது ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறை. இதைப் பெரிய கட்டுரை என்று சொல்ல முடியாது என்று லவ்ரியே சொல்லியிருக்கிறார்.

இரண்டாமிடம் லெம்லி 1970இல் எழுதியது, 2 லட்சத்துக்கும் மேல். இது இன்னும் வேடிக்கை. கட்டுரையின் தலைப்பு டி4 என்ற வைரஸின் தலைப்பகுதி உருவாகும்போது புரதங்கள் வெட்டப்படுவது பற்றியது. ஆனால் எல்லோரும் மேற்கோள் காட்டுவது, அதற்காக அவர் பயன்படுத்திய, புரதங்களை ஜெல்லில் ஓட்டிப் பிரிக்கும் முறையை. மேற்கோள் காட்டியவர்களில் எத்தனை பேர் டி4 வைரஸைப் பற்றி ஒரு நொடி யோசித்திருப்பார்கள்? மூன்றாவது பிராட்ஃபோர்டு 1976, மறுபடியும் புரதத்தை அளக்கும் முறை. நான்காவது சாங்கரும் கூட்டாளிகளும் 1977இல் எழுதிய டி.என்.ஏ. வரிசை படிக்கும் முறை. இது நோபல் பரிசும் வாங்கியது.

ஆக, தினமும் ஆய்வகத்தில் கை வைக்கும் முறைகள்தான் மேற்கோளைக் குவிக்கின்றன. பெரிய கண்டுபிடிப்புகளுக்கு நேர்வது தலைகீழ்: பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டால் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. டி.என்.ஏ. இரட்டைச் சுருள் என்று எழுத இன்று யாருக்கும் சான்று தேவையில்லை. டி.என்.ஏ.வைப் பல மடங்காகப் பெருக்கும் பி.சி.ஆர். முறையைச் செய்யும் ஒவ்வொருவரும் அதைக் கண்டுபிடித்த கட்டுரையைக் குறிப்பிடுவதும் நின்றுபோய் வெகுகாலம் ஆகிறது.

ரிவ்யூ எழுதினால் மேற்கோள் நிறைய வருமாமே?

வரும். நூறு கட்டுரைகளைத் தனித்தனியே சொல்வதைவிட ஒரு தொகுப்புரையைச் சொல்லிவிட்டுப் போவது எளிது. அதனால் மொத்த எண்ணிக்கையைப் பார்க்கும் முன் தொகுப்புரைகளைப் பிரித்து வையுங்கள். பப்மெட்டில் வகை வாரியாகச் சல்லடை போட வசதி இருக்கிறது. நல்ல தொகுப்புரை எழுதுவது கடினமான வேலைதான். ஆனால் அது அவருடைய சோதனைகளைப் பற்றி எதுவும் சொல்லாது.

இவர் தன் கட்டுரைகளைத் தானே மேற்கோள் காட்டுகிறார். இது மோசடியா?

அளவோடு இருந்தால் இல்லை. ஒரே புரதத்தில் இருபது ஆண்டு வேலை செய்பவர், தன் முந்தைய கட்டுரையைச் சொல்லாமல் அடுத்ததை எழுதவே முடியாது. ஸ்கோப்பஸிலும் வெப் ஆஃப் சயன்ஸிலும் சொந்த மேற்கோள்களைக் கழித்துப் பார்க்கலாம். கழித்த பிறகு எண் கொஞ்சம் இறங்கினால் இயல்பு. பாதியாகச் சரிந்தால் யோசிக்க வேண்டியதுதான்.

கழித்தாலும் பிடிபடாதவை இரண்டு உண்டு. நான்கைந்து பேர் பேசிவைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டுவது ஒன்று. கட்டுரையை மதிப்பாய்வு செய்யும்போது "என்னுடைய இந்த ஆறு கட்டுரைகளையும் சேருங்கள்" என்று கேட்பது இன்னொன்று. இதைக் கண்டுபிடிக்க, யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று திறந்து பெயர்களைப் பார்க்க வேண்டும். திரும்பத் திரும்ப அதே ஐந்து பெயர்கள் வந்தால் தெரிந்துவிடும்.

நாலு வருஷமாக ஒரு கட்டுரையும் இல்லை. சோம்பேறியா?

ஒரு மரபணுவை நீக்கிய எலியை உருவாக்கி, பெருக்கி, இரண்டு தலைமுறை பார்ப்பதற்கே ஆண்டுக்கணக்கில் ஆகும். மதிப்பாய்வாளர் "இன்னும் ஒரு சோதனை" என்று எழுதிவிட்டால் மேலும் ஓர் ஆண்டு. ஆய்வகம் இடம் மாறியிருக்கலாம், குழந்தை பிறந்திருக்கலாம், உடல்நலம் கெட்டிருக்கலாம். மேக்ஸ் பெருட்ஸ் ஹீமோகுளோபின் படிகங்களைக் கையில் எடுத்தது 1937இல். அதன் முப்பரிமாண வடிவத்தை வெளியிட்டது 1960இல். நடுவில் அவர் சும்மா இருக்கவில்லை, வேறு கட்டுரைகள் எழுதினார். ஆனால் எந்தக் கேள்விக்காக அவரை நினைவில் வைத்திருக்கிறோமோ அதற்கு 23 ஆண்டு ஆனது.

இடைவெளியைவிட எனக்குச் சந்தேகம் தருவது அதற்கு எதிரானது: ஒரே சோதனையின் முடிவைத் துண்டு துண்டாக நறுக்கி ஆறு சின்னக் கட்டுரையாகப் போடுவது. தலைப்புகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒரு சொல் மட்டும் மாறியிருக்கும்.

உண்மையிலேயே முக்கியமான கண்டுபிடிப்பு என்றால் உடனே மேற்கோள் குவிந்திருக்காதா?

எப்போதும் இல்லை. கட்டலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும், எம்.ஆர்.என்.ஏ.வின் சில எழுத்துகளை மாற்றினால் உடலின் தற்காப்பு அதைத் தாக்காமல் விடுகிறது என்று 2005இல் இம்யூனிட்டி இதழில் எழுதினார்கள். அப்போது பெரிதாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கோவிட் தடுப்பூசிகள் வந்த பிறகு எல்லோரும் அந்தக் கட்டுரையைத் தேடினார்கள். 2023இல் நோபல் பரிசு. கிரிஸ்பர் என்பது பாக்டீரியாவின் நோய்த் தடுப்பு முறை என்று ஃபிரான்சிஸ்கோ மொஹிகா எழுதியதை நேச்சர் நிராகரித்தது. சுற்றிச் சுற்றி 2005இல் மூலக்கூறுப் பரிணாமம் பற்றிய ஓர் இதழில் அது வந்தது.

அதற்காக மேற்கோள் இல்லாத கட்டுரை எல்லாம் உறங்கும் முத்து என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரும்பாலானவை உறங்கியபடியே இருந்துவிடும். கட்டுரை வெளியாகி மூன்று ஆண்டுகூட ஆகவில்லை என்றால் மட்டும் எண்ணிக்கையை வைத்து எதுவும் முடிவு கட்டாதீர்கள்.

முன்பதிப்பு கணக்கில் சேருமா?

பயோஆர்க்கைவ் என்ற முன்பதிப்புத் தளம் 2013இல் தொடங்கியதிலிருந்து இந்தத் துறையில் முன்பதிப்பு சாதாரணமாகிவிட்டது. பல நிதி நிறுவனங்கள் விண்ணப்பத்தில் ஏற்றுக்கொள்கின்றன. மதிப்பாய்வு ஆகாதது என்று தனியாகக் குறித்தால் போதும். கவனிக்க வேண்டியது ஒன்று: முன்பதிப்பும் பிறகு இதழில் வந்த வடிவமும் ஒரே கட்டுரை. பட்டியலில் இரண்டாக எண்ணியிருந்தால் ஒன்றைக் கழித்துவிடுங்கள்.

பணம் கட்டினால் போடும் இதழில் எழுதியிருக்கிறார். போலி இதழ்தானே?

பணம் வாங்குவது மட்டும் போலிக்கு அடையாளம் அல்ல. யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய நல்ல இதழ்கள் பல, எழுதியவரிடம்தான் கட்டணம் வாங்குகின்றன. நேச்சரில் திறந்த முறையில் வெளியிடவும் கட்டணம் உண்டு. பணத்தை வாங்கிக்கொண்டு மதிப்பாய்வே செய்யாமல் போடுவதுதான் போலி. 2013இல் சயன்ஸ் இதழுக்காக ஜான் பொஹானன் வேண்டுமென்றே தவறுகள் நிறைந்த ஒரு கட்டுரையைத் தயாரித்து 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன.

அனுப்பிய தேதி, ஏற்ற தேதி இரண்டும் கட்டுரையிலேயே இருக்கும். சோதனைக் கட்டுரை ஐந்தே நாளில் ஏற்கப்பட்டிருந்தால் யார் படித்திருப்பார்கள்?

இவருடைய கட்டுரை ஒன்று திரும்பப் பெறப்பட்டதாமே. அப்போ ஆள் நம்பத்தகாதவரா?

திரும்பப் பெற்ற அறிவிப்பைப் படிக்காமல் அப்படிச் சொல்லாதீர்கள். 2018இல் வேதியியல் நோபல் பெற்ற ஃபிரான்சஸ் ஆர்னால்டு, நொதிகள் பற்றிய தன் 2019 கட்டுரையை 2020 ஜனவரியில் தானே திரும்பப் பெற்றார். முடிவு மறுபடியும் வரவில்லை, ஆய்வகக் குறிப்பேட்டில் சில பதிவுகள் இல்லை, தான் சரியாகக் கவனிக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அதனால் அவர் மேல் மதிப்பு கூடியது என்பேன்.

இன்னொரு பக்கம், சாதாரண செல்லை எளிதாகக் குருத்தணு போல மாற்றலாம் என்று 2014 ஜனவரியில் நேச்சரில் வந்த ஸ்டாப் செல் கட்டுரைகள் இரண்டும் படங்களில் செய்த வேலை அம்பலமாகி அதே ஜூலையில் திரும்பப் பெறப்பட்டன. படம்தான் இந்தத் துறையின் பலவீனமான இடம். எலிசபெத் பிக்கும் கூட்டாளிகளும் 20,621 கட்டுரைகளைக் கண்ணாலேயே பார்த்து, 3.8 சதவீதத்தில் சந்தேகத்துக்குரிய படங்கள் இருப்பதாக 2016இல் எழுதினார்கள். எல்லாமே மோசடி இல்லை, தவறுதலாக ஒரே படம் இரண்டு முறை ஒட்டப்பட்டதும் இருக்கும். ஆனால் ஒரே ஆளின் ஐந்தாறு கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வந்தால் கைத்தவறு என்று சொல்ல முடியாது. அப்புறம், திரும்பப் பெற்ற கட்டுரைக்கு வரும் மேற்கோள் நிற்பதில்லை; அந்த எண்ணும் மொத்தத்தில் சேர்ந்தே இருக்கும்.

உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகளில் ஒருவர் என்று செய்தி வந்ததே?

அது விருது அல்ல, யாரும் தேர்ந்தெடுக்கவும் இல்லை. ஜான் அயோனிடிஸ் குழுவினர் ஸ்கோப்பஸ் தரவிலிருந்து ஆண்டுதோறும் தயாரிக்கும் ஒரு தரவுத்தொகுப்பு. ஆறு அளவைகளைச் சேர்த்து ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். மொத்த மேற்கோள், எச்-இன்டெக்ஸ், அதைக் கூட்டாசிரியர் எண்ணிக்கைக்கேற்பத் திருத்திய வடிவம்; பிறகு தனி ஆசிரியர், முதல் ஆசிரியர், கடைசி ஆசிரியர் என்று இடம் பார்த்துக் கணக்கிடும் மூன்று. சொந்த மேற்கோள்களைச் சேர்த்தும் கழித்தும் தருகிறார்கள். அந்த வகையில் வெறும் எச்-இன்டெக்ஸைவிட இது மேல்.

பட்டியல் இரண்டு: வாழ்நாள் முழுவதற்கும் ஒன்று, ஒரே ஓர் ஆண்டில் வந்த மேற்கோள்களுக்கு ஒன்று. இரண்டாவதில் நுழைவது ஒப்பீட்டில் எளிது. செய்தியில் எந்தப் பட்டியல் என்று சொல்லவே மாட்டார்கள், அதை மட்டும் கேளுங்கள்.

என் நண்பர் தாவர மூலக்கூறு உயிரியல், இவர் புற்றுநோய். எண்களை நேரடியாக ஒப்பிடலாமா?

கூடாது. புற்றுநோயில் ஆய்வாளர்களும் கட்டுரைகளும் அதிகம், அதனால் மேற்கோளும் அதிகம். துறைக்கும் ஆண்டுக்கும் ஏற்பச் சரிசெய்த அளவைகள் உண்டு. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் ஐசைட் என்ற இணையக் கருவி பப்மெட் கட்டுரைகளுக்கு அப்படி ஓர் எண்ணை இலவசமாகத் தருகிறது. 1 என்றால், அதே துறையில் அந்த நிறுவனத்தின் நிதியில் வந்த கட்டுரைகளின் நடு மதிப்புக்குச் சமம். 3 என்றால் மும்மடங்கு. மிகச் சிறிய துறைகளில் இதுவும் தடுமாறும்.

எனக்கு அரை மணி நேரம்தான் இருக்கிறது. ஒருவர் பட்டியலை எப்படிப் படிப்பது?

எண்களை முதலில் பார்க்காதீர்கள், பார்த்துவிட்டால் மனம் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். பட்டியலில் முதல் பெயராகவோ கடைசிப் பெயராகவோ அவர் வரும் ஆய்வுக் கட்டுரைகளை மட்டும் பிரித்தெடுங்கள். அதில் மூன்றைத் தேர்ந்தெடுத்துச் சுருக்கத்தையும் முதல் படத்தையும் படியுங்கள்; துறை வேறாக இருந்தாலும், கேள்வி என்ன என்பது புரியும். ஒரே கேள்வி ஆண்டுகள் போகப் போக ஆழமாகிறதா, அல்லது அவ்வப்போது எது பேசப்படுகிறதோ அதற்குத் தாவுகிறாரா என்று பாருங்கள். இதற்கு இருபது நிமிடம்.

மிச்சப் பத்து நிமிடத்தில் ஒரு கட்டுரையின் மேற்கோள் பட்டியலைத் திறந்து, அவருக்குச் சம்பந்தமில்லாத ஆய்வகம் ஒன்று அதை எதற்காகச் சொல்லியிருக்கிறது என்று அந்த வாக்கியத்தையே தேடிப் படியுங்கள். வேறொரு ஆய்வகம் அதே முடிவைத் தானும் பெற்றதாக எழுதியிருந்தால், அந்த ஒரு வாக்கியம் நூறு மேற்கோளுக்குச் சமம். மொத்த எண்களைக் கடைசியில் பாருங்கள். ஆனால் ஐந்தாவது நிமிடத்திலேயே மண்ணியல் கட்டுரை கண்ணில் பட்டால் அத்தோடு நிறுத்திவிட்டு, அவருக்கே எழுதி ஆர்கிட் எண்ணைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.